20 பக்கப் பகடை

1/ ஆவடி குவார்ட்டர்ஸ்ல தாயம் விளையாடி வளர்ந்தவன் நான். மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பழக்கிவிட்டார்.

2/ 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க கதாபாத்திரமா மாறி முடிவெடுப்பாங்க. அது பலிக்குமான்னு பெரும்பாலும் 20 பக்கப் பகடை சொல்லும். 15 வருஷமா எங்க செட்டுக்கு நான்தான் கதைசொல்லி.

3/ அதுல 1 விழ 5% தான் வாய்ப்பு. ஆனா ஒரே ராத்திரியில மூணு தடவை விழுந்திருக்கு. அதான் பழகினவங்க உருட்டுறதுக்கு முன்னாடியே யோசிப்பாங்க: “1 விழுந்தா என்ன பண்றது?”

4/ ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் “95% சரியாயிடும்”னு சொன்னா, மிச்சம் 20ல் ஒருத்தர் நம்ம வீட்டு ஆளாவும் இருக்கலாம். “அப்படி ஆனா அடுத்து என்ன செய்வீங்க டாக்டர்?”னு தயங்காம கேளுங்க. மரியாதைக்குறைவு இல்லைங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்கவேண்டிய கேள்வி.