செம்பாட்டு மண்ணிலே

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றோம். கோண்டாவிலைக் கடந்து உரும்பிராயை அணுகும்போது செம்பாட்டுத் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையிற் பொழியும் மாரிமழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரைப் பெறக் கல்லை உடைத்துக் கிணறு தோண்டினர் நம் முன்னோர்.

இயந்திரங்கள் வருமுன், விடியுமுன்னரே இறைப்புத் தொடங்கிவிடும். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். வேறொருவர் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுவார். நூறாவது பட்டையும் முதற் பட்டையைப் போன்றதே; அதற்கெனத் தனிப் பாராட்டு எவரும் வழங்கியதில்லை.

இத்தனை உழைத்தும், காலந்தவறிய மழையொன்று வெங்காயத்தை அழுகச் செய்யலாம். நன்கு விளைந்தாலோ சந்தையில் விலை வீழ்ந்துவிடலாம். எனினும் கமக்காரர் அடுத்த போகத்துக்கு மண்ணைக் கொத்துகின்றார். மழையும் விலையும் அவர் சொற்கேளா. இன்றைய இறைப்பு அவர் கையில் இருக்கின்றது.

பரீட்சைப் பெறுபேறு கண்டு சோர்ந்திருக்கும் மாணவர்க்கு நாம் கூறுவதும் இதுவே: ஊக்கம் வரட்டுமென்று காத்திராது இன்றைய பாடத்தைத் தொடங்குங்கள், தொடங்கிய பின்னர் ஊக்கம் தானே பிறக்கும். பெற்றோரும் புள்ளிகளை மட்டும் நோக்காது, பிள்ளைகள் பட்ட பாட்டையும் பாராட்டுவார்களாக.