பிடிமண்ணில் பிறக்கும் புரவி

சிங்கம்புணரிப் பக்கத்தில், மண் வனையும் ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் நான் கால் வைத்தபோது குதிரைக்கு இன்னும் தலை வரவில்லை. தூண்போல நான்கு கால்கள்; அவற்றின் மேல் பாதி எழும்பிய வயிறு. அறுபதைத் தாண்டிய வேளார் இடக்கையில் ஒரு கல்லை உள்பக்கம் அணைகொடுத்து, வலக்கையிலிருந்த பலகையால் வெளிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மந்தமானது. கை நின்றது.

"இங்க கனம் கூடிப்போச்சு தம்பி. இப்படியே சூளைக்குப் போனா வெடிச்சுப்போகும்" என்றவர், அந்த இடத்தை விரலால் வழித்தெடுத்தார்.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்த மண் அது. மிதித்தவர் அவர் மனைவி. மணல், காயும்போது மண் அதிகம் சுருங்காமல் காக்கிறது. சூளையில் உமி எரிந்து நுண்துளைகளை விட்டுப்போகிறது. உடல் முழுக்க உள்ளே கூடு. சூடு உள்ளும் புறமும் ஒன்றுபோல ஏற வேண்டும் என்பதற்காக. ஒரு சுற்று எழுப்பி, அது சற்று இறுகிய பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் கால் பிளந்துவிடும்.

இந்த வேலை வேளார் வீட்டில் தொடங்குவதில்லை. ஊரார் கூடித் தங்கள் மண்ணில் ஒரு பிடி அள்ளி வேளார் கையில் கொடுக்கிறார்கள். அதுதான் பிடிமண். அந்த மண் கலந்து செய்த குதிரைக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, கண் திறந்து, புரவியெடுப்புத் திருவிழா நாளில் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை வைப்பவர்களும் வேளார்களே. குதிரையைச் செய்த கையே தீபமும் காட்டுகிறது.

கண்மாய்க் கரையில், மரநிழலில், மழையிலும் வெயிலிலும் நிற்கும் இந்தக் குதிரைகளைவிடப் பொதுமக்களுக்குச் சொந்தமான சிற்பம் வேறெது? அனுமதிச் சீட்டு இல்லை, கம்பிவேலி இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 33 அடி உயரமென்று சொல்லப்படும் குதிரைச் சிலைக்கு மாசி மகத்தன்று மக்கள் காகிதப்பூ மாலைகளை அணிவிக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் குதிரையே தெரியாது, மாலைதான் தெரியும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. அங்கே அவை காட்சிப்பொருள். ஊரில் அவை காவல்.

வேளார் வீட்டிலிருந்து கிளம்பிப் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனேன். புதுக்குதிரைகளுக்குப் பின்னால் பழையவை காது உடைந்து, கால் சரிந்து, புல்லுக்குள் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் ஒட்டவைப்பதில்லை. பழையது கரையும், புதியது வரும் என்பதுதான் முறை. அந்த முறையில்தான் வேளார் வீட்டு அடுப்பும் எரிகிறது, மகனுக்குத் தொழிலும் போய்ச் சேர்கிறது.

வாசலிலோ பளபளவென்று இரண்டு சிமென்ட் குதிரைகள். உறுதியானவைதான், நெடுங்காலம் நிற்கும். அத்தனை காலமும் அந்த ஊர் ஒரு வேளாரைத் தேடிப் போக வேண்டியிருக்காது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் ஊர்க் கோயிலுக்கும் புதுக்குதிரை வைக்கும் பேச்சு வரலாம். சிமென்டுக்கு விலை விசாரிக்கும் முன், ஒரு பிடி மண்ணோடு பக்கத்து வேளார் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.