இயந்திரம் அறியாத கணக்கு

ஏவுதல் எளிது என்று பலர் கருதுவர். "இதைச் செய்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் ஏவினவர் கடமை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். உண்மை அதுவன்று. ஏவுவார் கருத்து முழுவதும் சொல்லில் அமைவதில்லை. பாதியைச் சொல் உணர்த்தும்; எஞ்சிய பாதியைக் கேட்பவர் அறிவு நிரப்பிக்கொள்ளும். நிரப்பிக்கொள்ளும் அறிவு இல்லாத ஒருவரிடம் வேலை சொல்ல நேரும்போதுதான் ஏவுவதன் அருமை விளங்கும்.

காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரில் எண்பது வயதை எட்டிய பாட்டியார் ஒருவர் வாழ்கின்றார். அவருடைய பேரன் கல்லூரியில் கணிப்பொறியியல் பயிலும் முதலாண்டு மாணவன். கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அந்நிரல் எழுதும் கலையில் அவனுக்கு ஆர்வம் மிகுதி. விடுமுறைக்கு வந்திருந்த அவனைப் பாட்டியார் ஒரு நாள் காய்கறிக் கடைக்கு அனுப்பினார். "தக்காளி மலிவாக இருந்தால் வாங்கி வா" என்பது அவர் சொன்ன சொல். கடையில் தக்காளி கிலோ 15 ரூபாய்க்கு விற்றது. பேரன் கையிலிருந்த 120 ரூபாய்க்கும் 8 கிலோ வாங்கி, இரண்டு பைகளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

பாட்டியார் திகைத்தார். பேரனோ நகைத்தவாறே, "பாட்டி, மலிவாக இருந்தால் வாங்கு என்றீர்கள், மலிவாக இருந்தது, வாங்கினேன். எவ்வளவு என்று சொல்லவில்லை. மலிவு என்பது எத்தனை ரூபாய்க்குள் என்றும் சொல்லவில்லை. மலிவாக இல்லாவிட்டால் என் செய்வது என்பதும் உங்கள் கட்டளையில் இல்லை. கணிப்பொறியிடம் இப்படிச் சொன்னால் அது இப்படித்தான் செய்யும்" என்றான்.

"அப்படியா தம்பி? இந்த எட்டுக் கிலோவையும் யார் நறுக்குவது என்பதும் அக்கட்டளையில் இல்லையே! அரிவாள்மணையை எடு" என்றார் பாட்டியார். அன்று மாலை முழுவதும் பேரன் தக்காளி நறுக்கினான். வீட்டில் ஒரு மாதத்திற்குத் தக்காளித் தொக்கிற்குக் குறைவில்லை.

விளையாட்டாக நிகழ்ந்ததேனும் இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. இங்கிலாந்து நாட்டில் சார்லஸ் பாபேஜ் என்னும் அறிஞர் திட்டமிட்ட கணிப்புப் பொறியைக் குறித்து ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார் 1843ஆம் ஆண்டில் விரிவான குறிப்புகள் எழுதினார். அப்பொறி எதனையும் தானாகத் தோற்றுவிக்காது; எவ்வாறு செய்விப்பது என்று மனிதர் அறிந்து கட்டளையிடுவதையே அது செய்யும் என்பது அவர் கருத்து. ஏவாமலே குறிப்பறிந்து செய்வது மனித இயல்பு. ஏவியதை மட்டும் பிழையின்றிச் செய்வது நிரல்வழி இயங்கும் பொறியின் இயல்பு.

அந்த ஊரில் முன்னாளில் ஒரு சிறிய பலசரக்குக் கடை இருந்தது. அக்கடைக்குப் பாட்டியார் எழுதியனுப்பும் சீட்டில், "வழக்கமான பருப்பு, கொஞ்சம் கடுகு, நல்ல புளி" என்றிருக்கும். அளவும் இராது, வகையும் இராது. ஆயினும் கடைக்காரர் தடுமாறியதில்லை. அவ்வீட்டில் எத்தனை பேர் உண்பர், எந்தப் பருப்பு அவர்களுக்கு வேகும், எந்தப் புளி பிடிக்கும் என்பனவெல்லாம் அவர் நெஞ்சில் எழுதப்பட்டிருந்தன. "ஆடி வெள்ளி வருகிறதே, சீட்டில் வெல்லத்தைக் காணோமே" என்று அவரே நினைவூட்டுவதும் உண்டு. சாமான் வாங்கப் போகும் குழந்தையின் கையில் ஒரு பிடி பொட்டுக்கடலை கொசுறாக விழும். அத்தகைய கடைகளில் குறையும் இல்லாமலில்லை. தராசின் முள் சில இடங்களில் கடைக்காரர் பக்கமே சாய்ந்ததுண்டு. ஆளுக்கு ஒரு விலை சொன்னதும் உண்டு.

இன்று அவ்விடத்தில் விளக்கொளி நிறைந்த பெரிய கடை ஒன்று நிற்கின்றது. அங்கே பொருள்கள் யாவும் உறையிட்டு அடுக்கப்பட்டுள்ளன. எடையும் விலையும் உறையின்மேல் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வோர் உறையிலும் தடித்தும் மெலிந்தும் நிற்கும் கருங்கோடுகள் சில காணப்படும். அவற்றையே பார்கோடு என்பர். அவற்றின்மேல் ஒளி பாய்ந்ததும் கணிப்பொறி அப்பொருளின் எண்ணை அறிந்து விலையைக் காட்டும்.

இக்கோடுகள் பிறந்த வரலாறு சுவையானது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், மளிகைக் கடைகளை நடத்திய ஒருவர், பணம் செலுத்துமிடத்தில் பொருளைப் பற்றிய செய்தியைத் தானே படிக்கும் வழியொன்று வேண்டுமெனக் கல்லூரித் தலைவர் ஒருவரை நாடினார். அவ்வுரையாடலைக் கேட்ட பெர்னார்ட் சில்வர் என்னும் இளைஞர் அதனைத் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார். உட்லண்ட் மயாமிக் கடற்கரையில் அமர்ந்து அதுபற்றியே சிந்தித்திருந்தார். சாரணராயிருந்தபோது அவர் பயின்ற மோர்ஸ் தந்திக் குறிகள் நினைவிற்கு வந்தன. புள்ளிகளையும் சிறு கோடுகளையும் மணலில் இட்டார். பின்பு விரல்களால் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவும், கோடுகள் தடித்த பட்டைகளாகவும் நீண்டன. அவ்விருவர்க்கும் 1952ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் லேசர் ஒளியும் மலிவான கணிப்பொறியும் வரும்வரை அக்கருத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள், ஓகையோ மாநிலத்து டிராய் நகரக் கடை ஒன்றில், மெல்லும் பசைப் பொட்டலம் ஒன்றே முதன்முதலாக இம்முறையில் விற்கப்பட்டது. கடற்கரை மணலிற் கீறிய கோடு கடைக்கு வந்து சேர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இந்தியாவில் வழங்கும் பார்கோட்டின் கீழே 13 எண்கள் இருக்கும். இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களின் எண்கள் 890 என்று தொடங்கும். முதல் 12 எண்கள் பொருளைக் குறிப்பன. இறுதியெண் அவற்றிற்குக் காவலாக நிற்பது. 890123456789 என்னும் 12 எண்களை எடுத்துக்கொள்க. ஒற்றையிடத்து எண்களாகிய 8, 0, 2, 4, 6, 8 என்பவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டையிடத்து எண்களாகிய 9, 1, 3, 5, 7, 9 என்பவற்றின் கூட்டுத்தொகை 34. அதனை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இத்தொகையைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதுவே காவல் எண். 130 முன்னரே பத்தின் மடங்காதலின், இங்கே காவல் எண் சுழி ஆகும். ஒளிக்கருவி 5 என்பதை 6 என்று தவறாகப் படித்துவிட்டால் தொகை 133 ஆகும். காவல் எண் ஒவ்வாது. கருவி அதனை ஏற்க மறுக்கும். எந்த ஓர் எண் மாறினும் இக்காவல் கண்டுபிடித்துவிடும்.

எனினும் இக்காவலனும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களுக்கிடையே வேறுபாடு ஐந்தாக இருந்து, அவை தம்முள் இடம் மாறினால், காவல் எண் மாறுவதில்லை. 1, 6 என்பது 6, 1 என்றாயினும் கணக்குச் சரியாகவே தோன்றும். எக்காவலும் முழுக்காவல் அன்று என்பதற்கு இதுவே சான்று.

இனிப் பாட்டியாரின் கணக்கைக் காண்போம். 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நம் நாட்டில் பதின்ம நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. அப்போது பாட்டியார் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அதற்கு முன்னர் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பதினாறில் ஒரு பங்கை மாகாணி என்றும், எட்டில் ஒரு பங்கை அரைக்கால் என்றும் வழங்கிய அக்காலத்து வாய்பாடு அவருக்கு இன்றும் மனப்பாடம்.

அவ்வாய்பாட்டை ஒரு நாள் கேட்ட பேரன் வியந்தான். "பாட்டி, அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் பகுப்பது கணிப்பொறியின் முறையன்றோ! இரண்டையே அடியாகக் கொண்டு எண்ணும் அதற்கு ஓர் அணாவை ரூபாயின் பகுதியாக எழுதுவது எளிது. பத்துப் பைசாவையோ ரூபாயின் பகுதியாகப் பிசகின்றி எழுத அதனால் இயலாது. பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால், 0.3க்குப் பின்னே பதினைந்து சுழிகளை அடுக்கி, அதன்பின் ஒரு நான்கைக் காட்டும்" என்றான். "அப்படியானால் கடையில் கணக்கு எப்படிச் சரியாக வருகிறது?" என்று பாட்டியார் கேட்டார். "அறிந்த நிரலர்கள் ரூபாயைப் பைசாவாக மாற்றி, முழு எண்களாகவே வைத்துக் கணக்கிடுவர்" என்றான் பேரன். "நாங்கள் அணாவைக் காசாக்கிப் பார்த்தது போலத்தான்" என்று பாட்டியார் புன்னகை செய்தார்.

மற்றொரு நாள் இருவரும் அப்பெரிய கடைக்குச் சென்று மளிகைச் சாமான்கள் வாங்கினர். துவரம்பருப்பு 160 ரூபாய், உளுந்து 70, நல்லெண்ணெய் 190, புளி 45, தேயிலை 130, சர்க்கரை 48, சீரகம் 40. பணம் வாங்குமிடத்தில் இளம்பெண் ஒருத்தி ஓயாமல் பொருள்களை ஒளிக்கருவியிற் காட்டிக்கொண்டிருந்தாள். வரிசை நீண்டிருந்தது. ரசீது 773 ரூபாய் என்றது. பேரன் செலுத்திவிட்டான்.

வாயிலைக் கடந்ததும் பாட்டியார் நின்றார். "தம்பி, 773 வராது, 683தான் வரும். 90 ரூபாய் மிகுதியாகக் கொடுத்திருக்கிறோம்" என்றார்.

பேரன் ரசீதைப் பார்த்தான். "பையில் ஏழு பொருள், ரசீதிலும் ஏழு வரி. கூட்டியது இயந்திரம். அது கூட்டலிற் பிழை செய்யாது, பாட்டி."

"பிழை கூட்டலில் இல்லாமல் இருக்கலாம். கூட்டக் கொடுத்ததில் இருக்கலாமே. ஒவ்வொன்றாகப் படி."

அவன் படித்தான். தேயிலை இரண்டு முறை வந்திருந்தது. அவன் மகிழ்ச்சியோடு, "ஆம் பாட்டி! 90 அன்று, 130 ரூபாய் திரும்பப் பெறலாம்" என்றான்.

"சீரகம் எங்கே?" என்றார் பாட்டியார். ரசீதில் சீரகம் இல்லை. அவசரத்தில் அப்பெண் சீரகத்தை விட்டுத் தேயிலையையே இருமுறை காட்டிவிட்டாள். பொருளும் ஏழு, வரியும் ஏழு என்று எண்ணிக்கை ஒத்திருந்தமையால், எண்ணிப் பார்த்த பேரனும் ஏமாந்தான்.

அவன் சற்றே தயங்கி, "சீரகத்தை நாமே சொல்லவேண்டுமா? இயந்திரத்திற்கே அது தெரியாதே" என்றான்.

"இயந்திரத்திற்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே" என்றார் பாட்டியார்.

அவர் உள்ளே சென்றார். உரத்துப் பேசவில்லை. வரிசை குறையும்வரை காத்திருந்து, அப்பெண்ணிடம் மெல்லிய குரலில், "அம்மா, தேயிலை ஒன்று கூடிவிட்டது; சீரகம் ஒன்று விட்டுப்போயிற்று. 90 ரூபாய் தந்தால் கணக்குச் சரியாகிவிடும்" என்றார். அப்பெண் ரசீதைப் பார்த்தாள், முகம் வெளிறியது. திருத்தி எழுதிப் பணத்தைத் தந்தாள். பின்பு தாழ்ந்த குரலில், "சீரகத்தைச் சொல்லாமலே போயிருக்கலாம், பாட்டி. இருப்பில் ஒன்று குறைந்தால் என் சம்பளத்திற் பிடிப்பார்கள்" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. பேரன் தலை கவிழ்ந்தான். தான் எளிதாக மறைக்க எண்ணிய 40 ரூபாய் யாருடைய உணவிலிருந்து போயிருக்கும் என்பதை அப்போதுதான் அவன் உணர்ந்தான்.

வீடு திரும்பும் வழியில் அவன் நெடுநேரம் பேசவில்லை. முடிவில், "பாட்டி, நிரல் எழுதும்போது, இடும் கட்டளை முழுமையாக இருக்கிறதா என்று மட்டுமே இதுவரை பார்த்தேன். அதன் விளைவு யாரைச் சென்று சேரும் என்று பார்த்ததில்லை" என்றான். பாட்டியார் ஒன்றும் கூறாமல், சீரகப் பொட்டலத்தை அவன் கையிற் கொடுத்து, பையின் சுமையைத் தாம் ஒரு பக்கம் பற்றிக்கொண்டார்.

இயந்திரத்தைப் பழிப்பது அறியாமை. இயந்திரமே எல்லாம் என்று இருந்துவிடுவதும் அறியாமையே. அது கூட்டும், பெருக்கும், நொடியிற் காட்டும். எண்ணைப் பிழையாகப் படித்தால் மறுக்கவும் செய்யும். ஆனால், தன்னிடம் காட்டப்படாத சீரகத்தை அது அறியாது. அச்சீரகத்தின் பின்னே நிற்கும் ஓர் ஏழைப் பெண்ணையும் அறியாது. அவற்றை அறிந்து கணக்கிடும் பொறுப்பு மனிதருடையது. அப்பொறுப்பை மறவாதவர் கையிலேதான் இயந்திரம் நல்ல ஏவலனாக விளங்கும்.