அம்மாவின் கண் பேசட்டும்

கோவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீ திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

“டாக்டர் ‘பிளிங்க் பண்ணச் சொல்லுங்க’ என்கிறார். அம்மா சும்மாவே இமைத்துக்கொண்டுதானே இருக்கிறாள்? எது பதில், எது தானாக வந்தது?” என்று கேட்டாய். முதலில் தீர்க்கவேண்டியது அதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச மிஞ்சியது கண் ஒன்றுதான்.

நாம் எல்லோருமே நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை நம்மை அறியாமல் இமைக்கிறோம். கண்ணீரை விழிமேல் பரப்புகிற வேலை அது. தூசி பட்டாலோ, முகத்துக்கு நேரே ஏதாவது சட்டென்று வந்தாலோ இமைப்பது இன்னொரு வகை. இந்த இரண்டும் அம்மாவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேண்டும் என்று நினைத்து மூடுவதுதான் பேச்சு. அதனால் ஒரு சின்ன இமைப்பை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொள்ளாதே. கண்ணை மூடி, நீ மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணும்வரை திறக்காமல் இருந்தால் ஆமாம். பார்வையை மேலே தூக்கினால் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, பதில் உனக்கே தெரிந்த கேள்விகளாகக் கேட்டுப் பார். இது கும்பகோணமா? நான் மூத்தவளா? ஆமாமும் இல்லையும் கலந்து வரட்டும். சரியாக வந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடு. ராத்திரி பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு ஒரு முறை, உனக்கு ஒரு முறை என்று இருந்தால் அம்மா குழம்பிப்போவாள்.

அம்மாவுக்கு அடைப்பு வந்தது மூளைத்தண்டின் நடுப்பகுதியில். கை, கால், நாக்கு எல்லாவற்றுக்கும் கட்டளை இறங்குகிற வழி அது. இமையைத் தூக்குவதற்கும் கண்ணை மேலும் கீழும் அசைப்பதற்குமான மையங்கள் அதற்கு மேலே, நடுமூளையில் இருப்பதால் தப்பித்தன. காதும் அறிவும் முழுசாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதை நீ நம்ப வேண்டும். கட்டிலருகில் நின்றுகொண்டு செலவுக் கணக்கு பேசுகிற சொந்தக்காரர்களை வெளியே அனுப்பு. இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதே.

கண்ணாலேயே பேசிக் காட்டியவர் பிரான்சில் ஒருவர், ழான் தொமினிக் போபி. ‘எல்’ பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பர் 8 அன்று, 43 வயதில், அம்மாவுக்கு வந்த அதே பக்கவாதம். வலது கண்ணில் புண் வராமலிருக்க அதன் இமைகளைத் தைத்துவிட்டார்கள். இடது கண் மட்டும் மிச்சம். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வரும்படி அகரவரிசையை மாற்றி அடுக்கி, எதிரே இருப்பவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். அப்படியே ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்லி முடித்தார். விடியற்காலையில் விழித்தபடி படுத்து, வாக்கியங்களை மனசுக்குள்ளேயே திருத்தி மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்வாராம். க்ளோத் மாந்திபில் என்ற பெண்மணி எழுதிக்கொண்டார். 1997 மார்ச்சில் புத்தகம் வெளிவந்த சில நாளில் போபி இறந்துவிட்டார். அவருக்கு 150 வருஷம் முன்பே அலெக்சாந்தர் தூமா ‘மாந்தே கிறிஸ்தோ’ நாவலில் இப்படிக் கண்ணால் மட்டும் பேசுகிற ஒரு தாத்தாவை வைத்திருக்கிறார். பேத்திதான் அவர் கண்ணைப் படிப்பாள்.

அம்மாவுக்குத் தமிழில் எப்படிச் செய்வது என்று யோசித்தேன். 247 எழுத்தையும் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போதாது. ஆனால் அம்மா பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுப் படித்தது இருக்கிறதே! கசடதபற, ஙஞணநமன, யரலவழள. வரிசைக்கு ஆறு. முதலில் ‘உயிரா?’ என்று கேள். இல்லையென்றால் மூன்று வரிசையில் எது என்று கேள். வரிசை தெரிந்ததும் அதிலுள்ள ஆறையும் நிதானமாகச் சொல். எழுத்து கிடைத்ததும் ‘புள்ளியா?’ இல்லையென்றால் அ, ஆ, இ, ஈ என்று போ. ‘கால்’ என்று சொல்ல அம்மாவுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ங, ஞ, ஔ மூன்றும் அபூர்வம், கடைசிக்குத் தள்ளிவிடலாம். அம்மா பார்த்துப் படிக்கக்கூட வேண்டாம், கேட்டால் போதும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதே. ‘கா’ வந்த உடனே நீயே சொல்லை முடிக்காதே. காலாக இருக்கலாம், காதாக இருக்கலாம், ஃபேன் காற்று முகத்தில் அடிப்பதாக இருக்கலாம். உனக்கு வேகமாகப் பேசிப் பழக்கம். அம்மாவுக்கு இப்போது வேண்டியது காத்திருக்கிற ஆள். கண் சோர்ந்தால் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் தொடரு. கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். இனி அம்மாவுக்குக் கண்ணைவிட முக்கியமான உறுப்பு இல்லை.

எடுத்த எடுப்பில் ‘வலிக்கிறதா, குளிருகிறதா’ என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதே. ‘நீ ஏதாவது சொல்லணுமாம்மா?’ என்று கேள். ஆமாம் என்றால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். என்ன வந்தாலும் தேதி போட்டு எழுதி வை. திட்டாக இருந்தாலும் எழுது.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறுகிறேன். சனி, ஞாயிறு நான் பார்த்துக்கொள்கிறேன்; நீ தூங்கு.

அன்புடன்,
அக்கா