ஜேசுதாஸைக் காணோம்

“பாட்டு கேக்குது. ஜேசுதாஸ் மட்டும் கேக்க மாட்டேங்குறார்” என்றபடி ஒருவர் ஹெட்போனை மேசையில் வைத்தார். மெக்கானிக் அண்ணன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. “எர்த் கட்டு சார். உக்காருங்க.”

பெரும்பாலான பாட்டுகளில் பாடகர் குரலை இடது, வலது இரண்டிலும் சமமாகக் கலந்து வைப்பார்கள். இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் ஒயர் அறுந்துவிட்டால், ஒரு காதில் நுழைந்த மின்சாரம் மறு காது வழியாகத்தான் திரும்ப வேண்டும். அப்போது இரு பக்கமும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கும். வயலின் இருக்கும், கோரஸ் இருக்கும், பாடகர் இருக்க மாட்டார். அண்ணன் இந்த விளக்கமெல்லாம் சொல்வதில்லை. பாடகர் காணாமல் போனால் எர்த், ஒரு காது செத்தால் லெஃப்ட் அல்லது ரைட், அவ்வளவுதான் அவர் கணக்கு.

சென்னையின் ரிச்சி தெரு ஒரே தெரு அல்ல. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக் கிடக்கும் சந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். அதில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அண்ணனின் மேசை. கேபிள் கழற்ற முடியாத என் பழைய ஸ்டுடியோ ஹெட்போனுக்கு ஒயர் மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டதும், “ஒயர் மாத்துறதுல ஒண்ணுமில்ல தம்பி, தோலை எரிக்கிறதுலதான் இருக்கு” என்றார்.

முதலில் நோய் எங்கே என்று பார்த்தார். பாட்டை ஓடவிட்டு, ஜாக் பின்னிலிருந்து விரல்விரலாக ஒயரை வளைத்துக்கொண்டே போனார். பின்னின் கழுத்தில், அல்லது ஒயர் கப்புக்குள் நுழையும் இடத்தில், இந்த இரண்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் அறும். மடங்கி மடங்கி நிமிர்வது அங்கேதான். பிறகு மீட்டரை ஓமில் வைத்துப் பின்னின் நுனியையும் அடிப்பகுதியையும் தொட்டார். இடது கப்பில் ‘கரக்’ என்றொரு சத்தம். ஒலி எழுப்பும் டிரைவருக்கு உயிர் இருக்கிறது. நுனி லெஃப்ட், நடு வளையம் ரைட், அடி எர்த்: 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னுக்கு உலகம் முழுக்க இதுதான் வரிசை. ஒயரின் நிறத்துக்குத்தான் அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. பச்சை லெஃப்ட், சிவப்பு ரைட், செம்பு நிறம் எர்த் என்று அடிக்கடி வரும். ஆனாலும் மீட்டர் வைக்காமல் அவர் எதையும் நம்புவதில்லை.

இனித் தோல். ஹெட்போன் ஒயருக்குள் இருப்பது மயிரிழைச் செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் மேலும் வண்ண வார்னிஷ் பூச்சு, நடுவே இழுபடாமல் இருக்க ஒரு நூல். பார்வைக்கு வெறும் கம்பிபோல இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதை அப்படியே முறுக்கிப் பற்றவைத்துவிட்டு, ஏன் சத்தம் வரவில்லை என்று விழிப்பார்கள். 63/37 ஈயம் 183 டிகிரியிலேயே உருகிவிடும்; பூச்சு எரிய 400 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். அண்ணன் தன் 25 வாட் சோல்ட்ரான் அயர்ன் நுனியில் ஈயத்தை ஒரு சொட்டாகத் தேக்கி, பேஸ்ட் தொட்ட கம்பி நுனியை அதற்குள் முக்கிப் பிடித்தார். புகை வந்தது, பூச்சு கருகி ஒதுங்கியது, கம்பி வெள்ளியாய் மினுங்கியது. பச்சையை என்னிடம் கொடுத்தார். லைட்டரால் சுடலாமா என்று கேட்டேன். சுடலாம், கம்பியே உதிர்ந்துவிடும் என்றார்.

பற்றவைப்பதற்கு முன்பே ஸ்லீவையும் பின்னின் மூடியையும் ஒயரில் கோத்தாயிற்றா என்று அவர் கேட்காத மாணவனே இல்லை போலும். கப்பைத் திறந்தபோது அவர் குரல் மாறியது. டிரைவரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுக்கும். எதிரில் இருப்பது கண்ணாடித் தாள்போன்ற சவ்வு. பட்டையில் ஈயம் வைக்க இரண்டு விநாடி, அதற்குமேல் போனால் உள்ளே போகும் மயிர்க்கம்பி அறுந்துவிடும். புது ஒயரைக் கப்புக்குள் விட்டதும் ஒரு முடிச்சுப் போட்டார். யாராவது இழுத்தால் முடிச்சு தாங்கும், ஈயம் தாங்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த முடிச்சுதான்.

வெள்ளி ஒயர் போட்டால் ஒலி துல்லியமாகும் என்று கேட்டு வருபவர்களும் உண்டாம். அவர் மறுப்பதில்லை, போட்டுக் கொடுக்கிறார். நான் மறுப்பேன். வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய ஆறு சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். ஒரு மீட்டர் சொச்சம் ஒயரில் போய்வர அரை ஓம் அளவு இருக்கும். ஹெட்போனோ 32 ஓம், சில 300. அந்த அரை ஓமில் ஆறு சதவீதத்தைக் குறைத்து யார் காதுக்கு என்ன ஆகப்போகிறது? ஒலி மாற வேண்டுமென்றால் இயர்பேடை மாற்றலாம், டிரைவருக்குப் பின்னால் கொஞ்சம் ஃபோம் வைக்கலாம், கப்பிலுள்ள ஓட்டையை அடைக்கலாம். பேஸ் உடனே மாறும். ஒயரை மாற்றுவது அறுந்ததற்காக. ஆடியோ-டெக்னிகாகூட எம்50-ஐ 2014-ல் எம்50எக்ஸ் ஆக்கியபோது கழற்றி மாட்டும் கேபிள் கொடுத்தது. ஒயர் தேயும் பொருள், அதை மாற்ற முடிய வேண்டும்.

இப்போது மேசையில் பாதிக்கு மேல் புளூடூத் நெக்பேண்டுகள், பேட்டரி மாற்ற. ஒயர் ஹெட்போன் கொண்டுவருபவர்களில் வடபழனிப் பக்கத்து ரெக்கார்டிங் ஆட்கள் அதிகம் என்றார்.

கிளம்பும்போது டிராயரிலிருந்து செத்த இயர்போன்களை ஒரு கொத்தாக அள்ளித் தந்தார். “இதுல எரிச்சுப் பழகு. வீட்ல ஜன்னலத் தொறந்து வெச்சுக்க, முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவு, ஈயம்.” அதற்குக் காசு வாங்கவில்லை. பேஸ்ட் டப்பாவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.