கப்பல் ஏறியவளின் ஊர்

தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா அல்லது தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை சில ஆண்டுகள் நின்று, மறுபடி தொடங்கி, 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காட்டுக்காரர்கள் அதில் நிறைய. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் வட்டாரம் பட்ட பாட்டை நினைத்தால் அதில் வியப்பில்லை.

அந்தப் பதிவேட்டின் ஒரு வரியைப் படமெடுத்து, டர்பனிலிருந்து ஓர் அம்மையார் எனக்கு எழுதியிருந்தார். அங்கே வேலைக்குப் போன எங்கள் உறவுக்காரப் பையன் மூலம் என் முகவரி கிடைத்ததாம். தன் கொள்ளுப்பாட்டி எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்துகொள்ள வேண்டும், உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். பாட்டிக்குக் கிராமம் புதூர். ஆங்கிலத்தில் எழுதிய தாலுகா பெயரில் மை பரவி, முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் மட்டும் தெளிவாக இருந்தன. போளூர் என்றும் படிக்கலாம், பலமநேர் என்றும் படிக்கலாம். இரண்டும் அன்றைக்கு வட ஆர்க்காடு ஜில்லாதான். பலமநேர் 1911இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டது. போளூர் 1989இலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் பூர்வீகம் போளூர்ப் பக்கத்துப் புதூர். பாட்டியின் தகப்பன் பெயரும் எங்கள் வம்சத்தில் இருக்கிற பெயர்தான்.

பெயர் பொருந்தியதும் எனக்கு மனம் துள்ளியது உண்மை. ஆனால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற நாட்டில் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு சொல்ல முடியாது. பட்டா, செட்டில்மெண்ட் பதிவேடு, பழைய பத்திரம் என்று தேடலாம். அதிலெல்லாம் நிலம் வைத்திருந்தவர்கள்தான் இருப்பார்கள். கூலிக்குக் கப்பல் ஏறிய குடும்பத்துக்கு ஏது நிலம்? அதிலும் பெண்ணுக்கு? நம் ஊர்க் காகிதத்தில் எங்கும் இல்லாத ஒருத்தியை, தகப்பன் பெயரோடும் ஊரோடும், இடது புருவத்துக்கு மேல் இருந்த தழும்போடும் யாரோ ஒரு குமாஸ்தா எழுதிவைத்திருக்கிறார். கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. அந்த ஒற்றை வரிதான் இன்றைக்குப் பேத்திகளின் கையில் இருக்கிற ஒரே சொத்து.

முதலில் பங்காளிகளிடம் போனேன். குலதெய்வம் கோயில் வரி நோட்டு பெரியப்பா வீட்டில் இருக்கிறது. எந்தத் தலைக்கட்டு எப்போது பிரிந்தது என்று அதில் ஓரளவு தெரியும். பெரியப்பா நோட்டை எடுக்கவே இல்லை. "ஏம்பா, இப்ப எதுக்கு இதெல்லாம்? பங்கு கேக்க வர்றாங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரப்புக்கும் கிணற்றுக்கும் கோர்ட்டு வரை போய்வந்தவர்களுக்குப் புதிதாக ஒரு தலைக்கட்டு முளைக்கிறது என்றால் பயம் வரத்தான் செய்யும். உறவைத் தேடுகிறவர்கள் இந்தப் பயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சொத்துப் பேச்சே இல்லை, அந்தம்மாவுக்கு வேண்டியது ஒரு ஊர்ப்பெயர்தான் என்று சொன்ன பிறகுதான் நோட்டு வெளியே வந்தது. அதில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள்.

பிறகுதான் செய்யாறில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையிடம் போனேன். வெளியே கட்டிக்கொடுத்த பெண்களிடம் பிறந்த வீட்டுக் கதை கெடாமல் இருக்கும் என்று நான் நம்புகிறேன். அங்கே வரப்புச் சண்டையில் அவர்களுக்குப் பங்கில்லை, மறைக்க ஒன்றுமில்லை. பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டே ஒரு ஆயுளைக் கழித்தவர்கள். நான் படத்தைக் காட்டுவதற்கு முன்பே அத்தை, "கப்பலுக்குப் போனவளா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். வீட்டில் செத்துப்போன பெண்களுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவது. "எங்க ஆயாவோட மாமனாருக்கு ஒரு தங்கச்சி. புருஷன் செத்து, பசியில ஆள்கட்டிகூடப் போயிட்டாளாம். செத்தாளா இருக்காளான்னு தெரியாம எப்படிடா புடவை வைக்கிறது? அதனால வைக்கவே இல்லியாம்" என்றாள் அத்தை. ஆள்கட்டி என்றால் கூலிக்கு ஆள் பிடிக்கிறவன். பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. தழும்பைப் பற்றியும் அவள் கேட்டதில்லை.

இதை அப்படியே டர்பனுக்கு எழுதினேன். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆசைப்பட்டு எதிர்பார்க்கிறவரிடம் ஒரு பொய் உறவைக் கொடுப்பது பெரிய பாவம். ஊர்ப்பெயர் கடல் கடந்து போனவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு வள்ளியம்மையே போதும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை போய், 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண்ணைப் பூர்வீக ஊரைச் சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை என்றுதான் இன்றும் சொல்கிறோம். 1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்தார்.

டர்பன் அம்மையார் இப்போது அங்கே தேடுகிறார். குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் கல்யாணங்களைப் பதிந்துவைத்தார்கள். பாட்டி அங்கே மறுமணம் செய்திருந்தால், விதவை என்று அதில் எழுதியிருக்கக் கூடும். அது கிடைத்தால் அத்தை சொன்னதோடு ஒத்துப்பார்க்கலாம். அவர் வீட்டில் என்ன சாமி கும்பிட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். எங்களுக்குப் பச்சையம்மன்.

பலமநேர்ப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாது. அத்தையின் மருமகள் வழியில் சித்தூரில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் மூலம் அந்தப் பக்கம் இருக்கிற புதூர்களில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். அங்கேயும் கப்பலுக்குப் போனவள் ஒருத்தி இருந்தாள் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டு முகவரியை டர்பனுக்கு அனுப்புவேன். அத்தை அவசரப்படுகிறாள். தை மாதம் அவளுடைய பேத்திக்குக் கல்யாணம். படையலில் ஒரு புடவை கூட வைக்கலாமா என்று பிறந்த வீட்டைக் கேட்டுச் சொல்லச் சொல்கிறாள்.