‘வளைவுல மட்டும் எரியுதுங்க!’

கொல்லிமலைப் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அரப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு அந்தக் குடும்பம் மலையிறங்கத் தொடங்கியபோது மாலை நான்கு மணி. காரை ஓட்டியவர் ராசிபுரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். பக்கத்தில் மனைவி. பின் சீட்டில் அவருடைய அம்மாவும் ஆறு வயது மகளும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்.

ஏழெட்டு வளைவுகள் தாண்டியிருப்பார்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். முழுசாக இறங்கித்தான் இருந்தது. அதற்குள் விளக்கும் அணைந்துவிட்டது.

“பாரு, அணைஞ்சிடுச்சு. சென்சார் கோளாறா இருக்கும்” என்றார்.

அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. ரோடு நேரானதும் அணைந்தது. அதற்கடுத்த வளைவிலும் அதே கதை. மனைவிக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால், கவனித்துக்கொண்டே வந்தார்.

“ஏங்க, வளைவுல மட்டும் எரியுதுங்க. மொதல்ல ஓரமா நிறுத்துங்க.”

அவர் நிறுத்தவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே விளக்கு எரிந்து, ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி அவரே ஊற்றியிருந்தார். விளக்கு அணைந்தது. மெக்கானிக்கிடமும் காட்டவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

அடுத்த முறை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அதன்பிறகு அவர் பேசவில்லை. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். இன்ஜினை அணைக்கவில்லை. ஓடும்போது அணைத்தால் பிரேக்குக்கு இன்ஜின் தரும் உதவி நின்று, பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ரோடு சற்று அகலமான இடத்தில், மலைச் சுவரை ஒட்டி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, ரிவர்ஸ் கியரில் விட்டார். மனைவி அதற்குள் இறங்கி, முன் டயருக்குக் கீழே இரண்டு பெரிய கல்லை வைத்துவிட்டார்.

பானட்டைத் திறந்தால், ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே. டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்திருந்தால், வண்டி திரும்பும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். மிதவை இறங்கும், விளக்கு எரியும். நேர் ரோட்டில் பழையபடி ஆகிவிடும். சென்சார் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

டிக்கியில் மிச்ச ஆயிலோடு அந்த பாட்டில் கிடந்தது. எடுத்துவந்து மூடியைத் திருகினார்.

“இது எப்போ வாங்குனது?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. மனைவி எதுவும் பேசவில்லை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

பலாப்பழம் ஏற்றிவந்த ஒரு மினி வேன் நின்றது. டிரைவர் இறங்கி, குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தின் உள்புறம் ஈரமாக மின்னியது.

“ஆயில் ஊத்துனா வெளக்குதாங்ணா அணையும், ஓட்டை அடையாது. பிரேக் கட்டை தேய்ஞ்சா ஆயில் மாசக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். ரெண்டே வாரத்துல இவ்ளோ எறங்குனா லீக்குதான். எறக்காதீங்க.”

பாட்டில் மறுபடி டிக்கிக்குப் போனது. அரசுப் பேருந்து ஒன்று வர, கை காட்டி நிறுத்தி மூன்று பேரையும் ஏற்றிவிட்டார். “இருட்டறதுக்குள்ள வந்துரு கண்ணு” என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டுப் போனார் அம்மா. இழுவை வண்டி நாமக்கல்லில் இருந்து வந்துசேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

மறுநாள் மெக்கானிக் டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டரின் ரப்பர் போயிருந்தது. பிரேக் ஷூ ஆயிலில் ஊறிக் கிடந்தது. இரண்டையும் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க இறக்கி, புதுசு ஊற்றி, காற்றை எடுத்தார். ரிப்பேரைவிட இழுவை வண்டிக்குத்தான் அதிகம் செலவு. டிக்கியில் இருந்த பாட்டிலையும் அவர் வாங்கிக்கொண்டார். திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி பெடல் இறங்கும் என்றார்.

சாவியைத் திருகியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு வேலை செய்கிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது அது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் அணைந்துவிட வேண்டும். இப்போதெல்லாம் பின் சீட்டில் இருந்து மகள் எட்டிப் பார்க்கிறாள்.

“அணைஞ்சிடுச்சுப்பா, போலாம்.”